ஞாயிற்றுக்கிழமைக் குழந்தை

அத்தியாயம் 9

எழுந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன். நேற்றைய சோற்றில் வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாக்கி, உப்பில் ஊறிய முள்ளங்கியைக் கடித்துக்கொண்டு நின்றபடியே குடித்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். படி இறங்கினேன். வீடு மேலே, கடை கீழே.

ஷட்டரைத் தூக்கினேன். விளக்குகளைப் போட்டேன். துடைப்பங்கள், மாப்புகள், துணி உலர்த்தும் ஸ்டாண்டுகள், செருப்புக் கூடை, பிளாஸ்டிக் பூந்தொட்டிகள் எல்லாவற்றையும் நடைபாதைக்கு இழுத்தேன். காற்று அடித்தது. சரகோசாவில் குளிர்காலக் காற்று ஆளையே தள்ளும். பூந்தொட்டிகளைக் கயிறு போட்டு விளக்குக் கம்பத்தில் கட்டினேன். போன வருஷம் எங்கள் பச்சை வாளி ஒன்று மருந்துக்கடை வாசல்வரை போய்விட்டது.

முதலில் வந்தவருக்கு டிவி ரிமோட்டுக்கு பேட்டரி வேண்டியிருந்தது. யாச்சின் எங்கே என்று அவர் கேட்கவில்லை. இப்போது யாரும் கேட்பதில்லை. என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

இன்று ஹுயிலான் அக்கா மாட்ரிட்டிலிருந்து வருகிறார். யாச்சினின் அக்கா. மொத்த வியாபாரம் செய்கிறார். என் கடைச் சரக்கில் பாதி அவர் கிடங்கிலிருந்து வருவது. இன்று சரக்கு கொண்டு வரவில்லை. என் மகளைக் கூட்டிக்கொண்டு போக வருகிறார்.

போன ஞாயிறு போனில் கேட்டார். குழந்தையைச் சீனாவுக்கு, சிங்தியானில் இருக்கும் தாத்தாவிடம் அனுப்பிவிடலாம் என்றார். ஊர்க்கார அம்மா ஒருத்தி செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறாளாம். ஏற்கெனவே இரண்டு வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறாளாம், மூன்றாவதையும் சேர்த்துக்கொள்வாளாம். நான் சரி என்றேன். இந்த எட்டு மாதத்தில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். பேச்சு சீக்கிரம் முடிகிறது.

புதன்கிழமை, குழந்தையை வளர்க்கும் ரெமேயிடம் போனில் சொன்னேன். ரெமே ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார். ஐந்து வருஷப் பழக்கத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

*

எங்கள் ஊர்க்காரர்கள் இங்கே கடை போட்டால் காலையிலிருந்து இரவுவரை திறந்திருக்கும், எல்லா நாளும். பிள்ளை பிறந்தால் இரண்டு வழி. ஊருக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிட்டுப் பத்துப் பதினொரு வயதில் வரவழைப்பது ஒன்று. யாச்சினும் அக்காவும் அப்படி வளர்ந்தவர்கள். அக்கம்பக்கத்தில் ஒரு ஸ்பானியர் வீட்டில் விடுவது இன்னொன்று. யாச்சின் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

ரெமேயும் அவர் கணவர் பாஸ்குவாலும் மூன்று தெரு தள்ளி இருக்கிறார்கள். பாஸ்குவால் முன்பு பஸ் ஓட்டினார். அவர்கள் மகன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. என் மகள் நான்கு மாதக் கைக்குழந்தையாக அந்த அறைக்குப் போனாள். இப்போது ஐந்து வயது. ஞாயிறு மதியம் நாங்கள் கடையை மூடிவிட்டுக் கூட்டி வருவோம். இருட்டியதும் கொண்டுபோய் விடுவோம். இந்த ஊரில் உள்ள எங்கள் ஆட்கள் இவர்களை ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள் என்பார்கள். அநேகமாக ஒவ்வொரு கடைக்கும் ஒன்று இருக்கும்.

எங்களுக்கு அவள் ஆன்ரான். அந்த வீட்டில் பிலி, பிலார் என்பதன் சுருக்கம். ஆன்ரான் என்று கூப்பிட்டால் அவர்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் விளங்காது, பிலார் என்ற மாதாவின் பெயர் இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கெடுதல் செய்ததில்லை என்று ரெமே முதல் வாரமே முடிவு செய்துவிட்டார்.

மதியம் டாக்சி வந்து நின்றது. அக்கா இறங்கினார். பின்னால் டிரைவர் இரண்டு நீளப் பெட்டிகளை இழுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு முழுப் பன்றிக் கால் ஹாம், சிவப்பு நாடா கட்டியது. ரெமேக்கு நன்றிப் பரிசு. எங்களிடம் மரியாதையான பரிசை ஒற்றையாகக் கொடுக்கக் கூடாது.

கடையை மூடினேன். ஆளுக்கொரு காலைத் தோளில் வைத்துக்கொண்டு காற்றுக்கு எதிராக மூன்று தெரு நடந்தோம். குழந்தைக்குக் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று மட்டும் அக்கா வழியில் கேட்டார். இருக்கிறது என்றேன்.

ரெமே கதவைத் திறந்தார். அழுத கண். ஆனாலும் பெட்டிகளைப் பார்த்ததும் வாய் அதன் வேலையைச் செய்தது.

"ஒரு காலே எங்க ரெண்டு பேருக்கும் ஈஸ்டர் வரைக்கும் வரும். ரெண்டா? அந்தப் பன்னியையே ஓட்டிட்டு வந்திருக்கலாமே ராசா, மிச்ச ரெண்டு காலும் கூடவே நடந்து வந்திருக்கும்."

பாஸ்குவால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார். சாலமான்கா ஹாம். பாஸ்குவால் டெருவேல் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்துக்காரர்கள் வேறு ஊர் ஹாமை ஹாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

"பெட்டி நல்லா இருக்கு," என்றார்.

அக்கா, "ஆன்ரான்," என்று கூப்பிட்டார். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திரும்பவில்லை. பிலி, உன் பெரியம்மா வந்திருக்காங்க பார் என்று ரெமே சொன்னதும் திரும்பினாள். தலையில் வெள்ளைக் கம்பளி நூலில் பின்னிய பூ ஒன்று இருந்தது.

அக்கா அப்படியே நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் தாயை இழந்த பெண்பிள்ளைக்குத் தலையில் வெள்ளைக் கம்பளிப் பூ வைப்பார்கள். அவர் ரெமேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நாங்களே மறந்துவிட்டோம், நீங்கள் மறக்கவில்லை என்று தழுதழுத்தார்.

ரெமே என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் நூல் கிடைத்தால் எதற்காவது பின்னிப் போடுவது அவர் வழக்கம். டிவிக்கு ஒரு விரிப்பு, கழிப்பறைக் காகித உருளைக்கு ஒரு தொப்பி. வெள்ளை நூல் மிச்சம் இருந்திருக்கும். நான் விளக்கவில்லை. சாப்பாடு நல்லபடியாக ஆரம்பித்தது.

*

அடுப்பில் சுட்ட ஆட்டுக்குட்டி இறைச்சி, உருளைக்கிழங்கு, சாலட். ரெமே பரிமாறிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பிலிக்கு வெங்காயம் கண்ணில் படக் கூடாது, அரைத்துப் போட்டால் தெரியாமல் சாப்பிடுவாள். தூங்கும்போது நடைவழி விளக்கு எரிய வேண்டும். காய்ச்சல் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் நெற்றி சுடும். இதையெல்லாம் அங்கே யாரிடம் சொல்வது என்று கேட்டார்.

அக்கா பொறுமையாகப் பதில் சொன்னார். அப்பா இருக்கிறார், தம்பி மனைவி இருக்கிறாள். ஐந்து மாடி வீடு. நான்கு மாடி காலி, குழந்தை ஓடியாடலாம். நான்கு மாடி காலியாக இருக்கிற வீட்டில் ஒரு குழந்தை தனியாக என்ன செய்யும் என்று ரெமே கேட்டார். அக்கா முள்கரண்டியை வைத்துவிட்டார்.

"நானும் அப்படித்தான் வளர்ந்தேன், ரெமே. மூணு மாசத்துல போனேன், பதினோரு வயசுல வந்தேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? இவளைப் பாருங்க. எங்க பாஷையில ஒரு வார்த்தை வரல. சொந்த அப்பன்கிட்ட கடைக்காரன்கிட்ட பேசற மாதிரி பேசுது."

அது உண்மை. நான் லிஷுய் கல்லூரியில் கட்டடப் பொறியியல் படித்தவன். கல்யாணமாகி இங்கே வந்து ஏழு வருஷம். என் ஸ்பானிய மொழி வாடிக்கையாளர்கள் கொடுத்தது. துணிக் கிளிப், எலிப்பொறி, பல்பு என்று தொடங்கியது. என் மகள் வேகமாகப் பேசுகிறாள். பாதி எனக்குப் பிடிபடாது. பிடிபட்டது போல் தலையாட்டுவேன்.

பாஸ்குவால் ரொட்டியை வெட்டினார்.

"என்னையும் அத்தைதான் வளர்த்தாங்க," என்றார் அக்காவைப் பார்த்து. "அப்பா அம்மா ஜெர்மனியில ஃபாக்டரில இருந்தாங்க. அத்தை நல்லா வளர்த்தாங்க, குறை சொல்ல முடியாது. அம்மா திரும்பி வந்த அன்னிக்கு 'வாங்க, உக்காருங்க'ன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சொல்றாப்ல."

சாலட்டைத் தள்ளச் சொன்னார் ரெமே. பாஸ்குவால் தள்ளினார். 

குழந்தைக்கு மாட்ரிட் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நாளை காலைக்குள் திரும்பிவிடுவோமா என்று கேட்டாள். வகுப்பில் ஓர் ஆமை வளர்க்கிறார்கள். திங்கட்கிழமை அதற்கு இலை போடுவது இவள் முறை. ரெமே அவள் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தார். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியில் இறங்கிக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "இது நான் எடுத்த முடிவு இல்ல, ரெமே. யாச்சினோட ஆசை. புத்தாண்டுக்கு என்கிட்ட போன்ல சொன்னா. அஞ்சு வயசானதும் ஊர்ல நம்ம அப்பாகிட்ட அனுப்பிடறேன்க்கான்னு."

"இந்த நாற்காலில உக்காந்து என்கிட்ட சொன்னா," என்றார் ரெமே. "எனக்குச் செஞ்சதை இவளுக்குச் செய்ய மாட்டேன், இவ உங்ககிட்டயே வளரட்டும்னு."

இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. யாச்சின் எதிரில் நிற்பவருக்குப் பிடித்ததைச் சொல்வாள். கடையில் அது நல்ல குணம்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

இறைச்சி நன்றாக வெந்திருக்கிறது என்றேன்.

*

ரயில் மாலையில். ரெமே குழந்தையின் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. பெட்டியை அவர்தான் அடுக்குவார், வேறு யாரும் தொடக் கூடாது என்றார். நாங்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இங்கிருந்து எடுத்துப்போக வேண்டியது என்ன என்று அக்கா கேட்டார். கீழ் இழுப்பறையைக் காட்டினேன். ஒரு கவுன், வண்ணப் பென்சில்கள், கால் கொள்ளாத ஒரு ஜோடி செருப்பு.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைக்குக் கட்டில் எங்கே என்று தேடியிருக்க வேண்டும். கட்டில் கிடையாது. அவள் இங்கே ஓர் இரவும் தூங்கியதில்லை. ஞாயிறு மதியத்துக்குக் கட்டில் தேவைப்படவில்லை.

அக்கா படுக்கையின் ஓரத்தில், யாச்சின் படுக்கும் பக்கம் உட்கார்ந்து கவுனை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். நான் தண்ணீர் கொதிக்க வைத்தேன். உனக்கு இன்னும் வயதிருக்கிறது, குழந்தை அங்கே இருந்தால் உனக்கும் ஒரு வழி பார்க்கலாம், அப்பாவும் அதைத்தான் சொல்கிறார் என்றார். எப்போதும் இப்படி மரம் மாதிரி நிற்காதே என்றார்.

சரி என்றேன். அது தானாக வந்தது.

அவர் முகம் கழுவப் போனார். நான் குழந்தையோடு கீழே இறங்கிக் கடையை மறுபடி திறந்தேன். முன்பு ஞாயிறு மதியத்துக்குப் பிறகு யாச்சின் திறக்கவிட மாட்டாள். மூன்று பேரும் நடந்துபோய் ஆற்றைப் பார்ப்போம், நூடுல்ஸ் செய்வோம், அவ்வளவுதான். அவள் போன பிறகு நான் திறந்துவிடுகிறேன். குழந்தை கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் ஏறி நின்று கடை விளையாட்டு விளையாடுவாள்.

இன்றும் ஏறினாள். வந்தவர் எதிர் வீட்டு அம்மாள். பூட்டு ஒன்று எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். குழந்தை என்னை முந்திக்கொண்டாள். கையைப் பின்னால் கட்டினாள். தோளைக் கொஞ்சம் குறுக்கினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வேற? பை வேணும்? பை இல்ல? சரி. சரி."

அம்மாள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அச்சு அசல் நீங்களேதான், நடிகைதான் இவள் என்றார். சொற்கள் குறைந்த என் ஸ்பானியம். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் நான் தலையைச் சாய்த்துச் சொல்லும் சரி. அதில் நான் சொல்லும்போது இருக்கிற இடைவெளிகூட அப்படியே இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள், சிரித்தேனா என்று. ஸ்டூலில் நின்றபடி ஞாயிறு ஞாயிறாக அவள் செய்துகொண்டிருந்தது இதுதான். என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பூட்டை உறையில் போட்டுக் கொடுத்தேன். சில்லறை கொடுத்தேன். அம்மாள் போனார்.

"இன்னொரு தடவை செய்," என்றேன்.

செய்தாள்.

*

வெளிச்சம் குறைந்தபோது ரெமே வந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு பை, குழந்தையின் தலையணை. பின்னால் பாஸ்குவால் இரண்டு ஹாமில் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். பரிசில் பாதியைத் திருப்பித் தருவது எங்களிடம் பெரிய பண்பு. அக்கா அவருக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னார். பாஸ்குவால் அதை வைக்க வீட்டில் இடமில்லாமல் கொண்டு வந்திருந்தார்.

டாக்சி ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று அக்கா சொன்னார். ரெமே குழந்தையின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். போட்டு முடித்ததை அவிழ்த்து மறுபடி போட்டார். தலையணை இல்லாமல் தூங்க மாட்டாள், விமானத்தில் கையில் கொடுங்கள் என்றார். 

நான் இரவு உடைகள் தொங்கும் வரிசைக்குப் போனேன். ஆறு வயது அளவில் மஞ்சள் பைஜாமா இருந்தது, வாத்துப் படம் போட்டது. ஹேங்கரிலிருந்து எடுத்து விலைச் சீட்டைக் கத்தரித்தேன்.

அங்கே எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள், இதை ஏன் சுமக்க வேண்டும் என்று அக்கா கேட்டார்.

"இது இன்னிக்கு ராத்திரிக்கு, அக்கா."

"ராத்திரிக்கு என் வீட்ல இருக்கு. என் சின்னவளோடது போட்டுக்கட்டும்."

"அவ ட்ரெயின்ல வரல."

 பிறகு ரெமே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஒரு கையால் கண்ணைத் துடைத்து, மறு கையால் சூட்கேஸைப் பிடித்தார்.

"பிலி, வா கண்ணு, நம்ம வீட்டுக்குப் போலாம்."

"ரெமே, உங்க வீட்டுக்கும் இல்ல," என்றேன்.

"அப்புறம் எங்க?"

"மேல."

பாஸ்குவால் எங்கள் மூவரையும் பார்த்தார். குழந்தையின் கையைப் பிடித்து, வா, காற்று உங்கள் பூந்தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் உள்ளே கொண்டு வரலாம் என்று வெளியே கூட்டிப் போனார்.

அக்கா எங்கள் மொழிக்கு மாறினார். வேகமாகப் பேசினார். டிக்கெட் போட்டாயிற்று. அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டால் யார் கூட்டி வருவது? நான் போவேன் என்றேன். அந்த நேரத்தில் கடையில் யார்? மூடுவேன் என்றேன்.

"வேலை நாள்ல கடையை மூடுவியா? நம்ம ஆள் ஒருத்தனைக் காட்டு, வேலை நாள்ல கடையை மூடினவனை. சோறு போட முடியாம நீயே கொண்டுவந்து விடுவ, பாரு. நாலே மாசம்."

இருக்கலாம் என்றேன்.

ரெமேக்கு மொழி புரியவில்லை. விஷயம் புரிந்திருந்தது. சூட்கேஸின் கைப்பிடியை விடவில்லை. அக்காவை அவர் எதிரியாக நினைத்து வந்திருந்தார். இப்போது என்னைப் பார்க்கிற பார்வை வேறாக இருந்தது.

"நான் என்ன குறை வச்சேன், ஹாவ்மின்? சொல்லு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் உன் பொண்ணை நான் அழ விட்டிருக்கேனா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

வெளியே டாக்சி ஹாரன் அடித்தது. அக்காவின் போன் ஒலித்தது. திரையில் அப்பா என்றிருந்தது. சிங்தியானில் நள்ளிரவு தாண்டியிருக்கும். கிழவர் தூங்காமல் காத்திருக்கிறார். அக்கா போனை எடுக்கவில்லை. கல்லா மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"நீயே சொல்லு அவர்கிட்ட. நான் சொல்ல மாட்டேன். உன் மாமனார், உன் முடிவு."

அது ஒலித்து ஓய்ந்தது. மறுபடி ஒலித்தது. டாக்சி இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. அக்கா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ என்கிட்ட சொன்னது பொய்யா?" என்றார். இப்போது ஸ்பானியத்தில், ரெமேக்கும் புரியும்படி. "இவங்ககிட்ட சொன்னதும் பொய்யா? அப்ப உன்கிட்ட என்ன சொன்னா? புருஷன்தானே. குழந்தையைப் பத்தி உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனா?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

நானும் ஸ்பானியத்தில்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த சொற்கள் போதுமாக இருந்தன.

ஆஸ்பத்திரியில் அவள் பேசவில்லை. ஆம்புலன்ஸிலும் இல்லை. அதற்கு முன் இந்தக் கடையில். நான் துடைப்பங்களை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அவள் இங்கே, இந்த இடத்தில் நின்று கோப்பைகளுக்கு விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறது என்று சொல்லவில்லை. குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை. கை நின்றது. சுவரில் இருந்த நாட்காட்டியில் ஞாயிறு எங்கே என்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே சாய்ந்தாள். அதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இன்னும் வியாழக்கிழமைதானா?"